முத்திரை போட்ட பொட்டலம்

“உங்க வீட்டுக்காரருக்கு என்ன தொழில்னு சொன்னீங்க?”

“பகல்ல குடிநீர் ஆபீஸ்ல கிளார்க். மத்த நேரத்துல பொட்டலம் கட்டுவார்.”

“கடலையா, பட்டாணியா?”

“லினக்ஸ்.”

வெடி வாயை மூடிக்கொண்டான். அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை அது.

அவனுக்கு முன்னால் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த துப்பறிவாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடித்த கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். எதையும் அதற்கு மேலாக ஒரு தடவை, உள்ளாக ஒரு தடவை பார்ப்பார். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய் விபத்துகளையும் பொய்ச் சாவுகளையும் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அலுத்துப்போய், சொந்தமாக ஆபீஸ் போட்டவர். அவருக்குப் பின்னால் எல்லாரும் ‘கண்ணாடி’ என்பார்கள். முன்னால் ‘மேடம்’. வெடி அவருடைய உதவியாளன். முன்பு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். மெஷினைச் சரிசெய்து கொடுத்துவிட்டு அதன் சொந்தக்காரரைக் கிண்டல் செய்வான். கடை நிலைக்கவில்லை.

கதவைத் திறந்துவிட்ட அந்தப் பெண்மணிதான் நேற்று ஆபீசுக்கு வந்து அழாமல் பேசியவர். அழுதிருந்தால் கண்ணாடி கேஸை யோசித்து எடுத்திருப்பார். அழாததால் உடனே எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். புருஷனின் அடி பொறுக்க முடியாமல், மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஒருத்தி, ஏழெட்டு மாதமாகப் பெண்கள் காப்பகங்களில் மாறி மாறி, பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்திருந்தாள். கடைசியாகச் சேர்ந்த காப்பகத்துக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அப்படியிருந்தும் போன வாரம் புருஷன் நேராக அந்தத் தெருவுக்கு வந்தான். கேட் அருகே காத்திருந்தான். அவள் வெளியே வந்ததும் இரும்புக் கம்பியால் அடித்தான். தோள்பட்டை நொறுங்கியது, உயிர் பிழைத்தது அக்கம்பக்கத்தார் புண்ணியம். அவன் அங்கேயே பிடிபட்டான். ஆனால் விலாசம் அவனுக்கு எப்படிக் கிடைத்தது?

போலீஸ், காப்பகத்தின் கம்ப்யூட்டரைக் குடைந்தது. சேர்க்கைப் படிவத்தில் எழுதியதை அப்படியே வெளியே கடத்தும் ஒரு துண்டு புரோகிராம் உள்ளே உட்கார்ந்திருந்தது. அது வந்து சேர்ந்த பொட்டலத்தின் மேல் ஒரே ஒரு ஆளின் முத்திரை. இந்த வீட்டுக்காரரின் முத்திரை.

பொட்டலக்காரர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேஜையில் கம்ப்யூட்டர் இல்லை, போலீஸ் எடுத்துப் போயிருந்தது. அது இருந்த இடத்தில் மட்டும் தூசி படியாத ஒரு சதுரம். அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் உங்களைக் கைது செய்யலையே, நல்ல சகுனம்தான் சார்” என்றான் வெடி. “லினக்ஸ்னா என்னன்னு கேஸ் கட்டுல எப்படி எழுதறதுன்னு இன்ஸ்பெக்டருக்குத் தெரியலை போல.”

அவர் சிரிக்கவில்லை.

“நீங்க என்ன செய்யறீங்கன்னு எனக்குச் சொல்லுங்க” என்றார் கண்ணாடி. “எனக்குத் தெரியாது, தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

அவர் குரல் முதலில் கரகரத்தது. தொழிலைப் பற்றிப் பேசப்பேசச் சரியாகிவிட்டது.

“வெப்சைட் கட்டறவங்களுக்குன்னு யாராவது ஒருத்தர் ஒரு லைப்ரரி, அதாவது ரெடிமேட் புரோகிராம் தொகுப்பு, எழுதி இனாமா வெளியிடுவாங்க. நான் கட்டினது படிவம் போடற லைப்ரரி. பேர் எழுதற கட்டம், விலாசம் எழுதற கட்டம், தப்பா எழுதினா சிவப்புல காட்டறது, இதெல்லாம். லினக்ஸ்ங்கறது கம்ப்யூட்டரை ஓட்டற இனாம் சிஸ்டம், அதுல இதை அப்படியே தூக்கிப் போட்டுட முடியாது. எந்த ஃபைல் எங்கே போகணும், துணைக்கு வேற என்னென்ன வேணும், பழசு இருந்தா அதை எப்படி எடுக்கணும்... எல்லாத்தையும் எழுதி, ஒண்ணாக் கட்டி, சோதிச்சுப் பாத்து, என் முத்திரையைக் குத்தி அனுப்பணும். முத்திரை இருந்தா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் கேள்வி கேக்காம வாங்கிப் போட்டுக்கும்.”

“கேள்வியே கேக்காதா?”

“கேக்க வேண்டியது நான்.”

“கேட்டீங்களா?”

அவர் தலை தாழ்ந்தது. மனைவி சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

“அந்த லைப்ரரி ரெண்டு ரூபத்துல வரும்” என்றார் மெல்ல. “மனுஷன் படிக்கிற மாதிரி எழுதினது ஒண்ணு. அதையே இடைவெளியெல்லாம் எடுத்து, பேரையெல்லாம் ஒத்தை எழுத்தாக் குறுக்கி, ஒரே வரியா நசுக்கினது இன்னொண்ணு. பிரவுசருக்குப் போறது நசுக்கினதுதான்.”

“நசுக்கினதைப் படிக்க முடியுமா?”

“என் மாமியார் ஃபோன்ல மூச்சு விடாமப் பேசற மாதிரி இருக்கும் மேடம்” என்றான் வெடி. “சத்தம் வரும். அர்த்தம் வராது.”

“அதனாலதான் பொட்டலம் கட்டற எங்க கூட்டத்துல ஒரு விதி” என்றார் பொட்டலக்காரர். “நசுக்கினது எங்கிருந்து வந்தாலும் வாங்கக் கூடாது. படிக்கிறதை வச்சு நானே நசுக்கணும். ஆனா நசுக்கற கருவிக்கு இன்னொரு கருவி வேணும், அதுக்கு இன்னொண்ணு வேணும். அனுமார் வால். அதுல பாதி எங்க சிஸ்டத்துல இல்லை. எல்லாத்தையும் நானே கட்டி ஏத்தணும்னா வருஷம் ஆகும். ஆபீஸ் வேலை ஒரு பக்கம், எங்க அப்பா ஆபரேஷன் ஒரு பக்கம். அப்பதான் எறும்பு சொன்னான், ‘அண்ணா, நான் நசுக்கித் தரேன், நீங்க முத்திரை மட்டும் குத்துங்க’ன்னு. படிக்கிறதை வரிக்கு வரி பாத்தேன் மேடம். நசுக்கினதை...”

“பாக்கலை.”

“பாக்கலை.”

“எறும்புங்கறது?”

“என் கூட்டாளி. நேர்ல பாத்தது கிடையாது. இன்டர்நெட்ல அவன் பேரு அதுதான். ஆறு மாசமா என் சுமையில பாதியைச் சுமக்கறான். அவனைச் சந்தேகப்படாதீங்க. அவனுக்கும் யாராவது நசுக்கினதை மாத்திக் குடுத்திருப்பாங்க. அவன் செய்ய மாட்டான்.”

“இவர் யாரையும் சந்தேகப்பட மாட்டார்” என்றாள் மனைவி. “அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

கண்ணாடி வெடியைப் பார்த்தார். அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். நேற்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, நசுக்கிய வரியில் திருட்டுத் துண்டை மட்டும் பிரித்து நீவிவிட்டிருந்தான்.

“ஒரு வேடிக்கை மேடம். இந்தத் துண்டு ஆயிரம் வெப்சைட்ல இருக்கு, ஆனா எங்கேயும் எதையும் திருடலை. சும்மா தூங்குது. யாராவது கட்டத்துல ஒரே ஒரு வார்த்தையை எழுதினாத்தான் முழிச்சுக்குது. அப்ப மட்டும், பொத்தானை அமுக்கினதும் அந்தப் படிவத்தை முழுசா வெளியே அனுப்புது.”

“என்ன வார்த்தை?”

“மிளகு.”

“மிளகா?”

“மிளகேதான். ‘மொளகு’ன்னு எழுதினாலும் முழிச்சுக்கும். சமையல் தெரிஞ்ச திருடன்.”

பொட்டலக்காரர் முதல் தடவையாகச் சதுரத்திலிருந்து கண்ணை எடுத்தார். “படிவத்தைத் திருடுதுன்னுதான் போலீஸ்ல சொன்னாங்க. வார்த்தை எதுவும் சொல்லலையே?”

“அவங்க எப்படித் திருடுதுன்னு பாத்தாங்க. எப்ப திருடுதுன்னு பாக்கலை” என்ற கண்ணாடி, ஃபோனை எடுத்துக் காப்பக நிர்வாகியைக் கூப்பிட்டார். “உங்க சேர்க்கைப் படிவத்துல என்னென்ன எழுதுவீங்க? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க.”

ஸ்பீக்கரில் அந்த அம்மாளின் குரல் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தது. வைத்துக்கொண்ட புதுப் பெயர், வயது, உடம்பில் காயம், எந்த வீட்டில் தங்க வைத்திருக்கிறோம், குழந்தையை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்...

“கடைசிக் கேள்வி எதுக்கு?”

“பெரியவங்க பேரை மாத்திக்கலாம்மா. மூணு வயசுக் குழந்தையைப் புதுப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அது திரும்பிப் பாக்குமா? செல்லப் பேர் தெரிஞ்சாத்தான் எங்களால சமாளிக்க முடியும்.”

“இந்தக் குழந்தையோட செல்லப் பேர்?”

“மிளகு.”

வெடிக்கு ஒரு ஜோக் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டான். உலகத்தையே கொள்ளையடிக்க வந்த துண்டு என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். இது ஒரே ஒரு குழந்தையைத் தேடி ஆயிரம் வாசலில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

*

“அப்படின்னா சரியாப் போச்சு” என்றார் இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர்தான், கேஸ் சீக்கிரம் முடிய வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் வேறு கெட்ட குணம் இல்லை. “குழந்தையோட செல்லப் பேர் அப்பனுக்குத் தெரியும். அப்பன் சொன்னான், பொட்டலக்காரன் செஞ்சான். ரெண்டு பேரும் கூட்டு.”

“அப்பனுக்குத் தெரியுமான்னு கேட்டீங்களா?”

“பெத்த அப்பனுக்குத் தெரியாதா மேடம்?”

“ரெண்டு நிமிஷம் குடுங்க.”

லாக்கப்பில் அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டை கசங்காமல் இருந்தது. இந்த முகத்தை பஸ்ஸில் பார்த்தால் எழுந்து இடம் கொடுத்திருப்போம் என்று வெடிக்குத் தோன்றியது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

கண்ணாடி கம்பியருகே போய் நின்று, சாதாரணமாகக் கேட்டார். “மிளகு ஞாபகம் இருக்கா?”

அவன் புருவத்தைச் சுருக்கினான். “என்ன மிளகு? வீட்டுக்குச் சாமான் வாங்கற வேலையெல்லாம் என்னோடது இல்லை.”

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பேனா நின்றது.

“குழந்தையை எப்படிக் கூப்பிடுவீங்க?”

“‘ஏய்’னு கூப்பிடுவேன். வரும்.”

திரும்பி நடக்கும்போது கண்ணாடி தணிந்த குரலில் கேட்டார். “விலாசம் இவன் ஃபோனுக்கு மெசேஜா வந்ததுன்னீங்களே, வேற என்ன எழுதியிருந்தது?”

“நம்பர் போலி மேடம். எழுதினது... கோபப்படாதீங்க, மெதுவாப் பேசி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, அவ்வளவுதான்.”

“டாக்டர்கிட்டயா? அந்தப் பொண்ணுக்கு என்ன வியாதி?”

“ஒண்ணும் இல்லையே.”

“வியாதின்னு யாரோ நம்பியிருக்காங்க” என்றார் கண்ணாடி. “இவன் சொன்னதை நம்பியிருக்காங்க. கோபப்படாதீங்கன்னு கெஞ்சற அளவுக்கு இவனைத் தெரிஞ்சவங்க. குழந்தைக்கு இவன் வைக்காத பேரும் அவங்களுக்குத் தெரியும். அம்மா வழி ஆள்.”

“அப்ப பொட்டலக்காரன்?”

“ஒரு தடவை அசந்துட்டார். அதுக்கு லாக்கப் கிடையாது. இருந்தா நீங்களும் நானும் உள்ளேதான் இருப்போம்.”

*

ஆஸ்பத்திரியில் அடிபட்டவளை வேறு பெயரில் சேர்த்திருந்தார்கள். சொந்தக்காரர் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவளே போலீசில் எழுதிக் கொடுத்திருந்தாள். வலது தோள் முழுக்கக் கட்டு. இடது கையால் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். இன்றே டிஸ்சார்ஜ், பழைய காப்பகம் வேண்டாம் என்று ஊரின் மறு கோடியில் இன்னொரு வீட்டுக்கு மாற்றுகிறார்கள்.

“குழந்தை?” என்று கேட்டார் கண்ணாடி.

“காலையிலேயே அங்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் வரதுக்குள்ள எல்லாம் எழுதி வச்சிடறேன்னாங்க.”

“அழகான பேரு. மிளகு. யார் வச்சது?”

அவள் முகம் மலர்ந்தது. அத்தனை வீக்கத்துக்கு நடுவிலும் மலர்ந்தது. “என் தம்பி. பொறந்தப்போ சுருங்கிக் கறுப்பா இருந்தாளா, கையில வாங்கிப் பாத்துட்டு, ‘என்னக்கா, மிளகு மாதிரி இருக்கா’ன்னான். அதுவே நின்னுடுச்சு. அவனும் நானும் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவோம். அவ அப்பாவுக்குப் பிடிக்காதுன்னு அவர் முன்னால கூப்பிட மாட்டோம்.”

“தம்பி என்ன பண்றார்?”

“வெப்சைட் கட்டற வேலை...”

சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். கையில் பாதி மடித்த துண்டு. கண்ணாடியைப் பார்த்தாள், வெடியைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள்.

“அவன் இல்லை” என்றாள்.

“நான் ஒண்ணும் சொல்லலையேம்மா.”

“அவன் இல்லைங்க. அவன் கெட்டவன் இல்லை. அவர் எது சொன்னாலும் நம்பிடுவான், அதனாலதான் அவனுக்கும் சொல்லாம வந்தேன். ஆனா அவன் இல்லை.”

துண்டை மறுபடி பிரித்தாள். மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் வெடி பெருமூச்சு விட்டான். “புருஷன் உள்ளே இருக்கான், தம்பிதான் எறும்புன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே பயமில்லை. அந்த அழுக்குப் பொட்டலத்தையும் எடுத்துட்டாங்களாம், நேத்தே சுத்தமானது வந்தாச்சு.”

கண்ணாடி நடையை நிறுத்தினார்.

“அந்தச் சுத்தமானதைக் கட்டினது யாரு?”

வெடி உடனே பொட்டலக்காரருக்கு ஃபோன் போட்டான். மறுமுனையில் அவர் குரலில் நன்றி வழிந்தது. “நான் இனிமே முத்திரை குத்தக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்களே. எல்லாத்தையும் எறும்புதான் பாத்துக்கிட்டான். ராத்திரி பகலா உக்காந்து சரி பண்ணி அனுப்பிட்டான். அவனுக்கு முத்திரை குடுக்கச் சொல்லி நான்தான் சிபாரிசு பண்ணினேன்.”

“சார்” என்றான் வெடி. அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. “அதை நசுக்கினது யாரு?”

மறுமுனையில் ஃபோன் எதன்மீதோ விழும் சத்தம் கேட்டது.

*

கார் சாவியை வாங்கியதும் வெடி சிக்னல்களை எல்லாம் அலங்கார விளக்காக நினைத்து ஓட்டினான். பக்கத்தில் கண்ணாடி புதுக் காப்பகத்தின் நம்பரை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். யாரும் எடுக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் அவன் ஓட்டுவதைப் பற்றித் தானே இரண்டு ஜோக் அடித்திருப்பான். இன்று ஹாரன் மட்டும் அடித்தான்.

கீழே தையல் கடை. மாடியில் புதுக் காப்பகம். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். அறைக்குள் அந்த வீட்டு நிர்வாகி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பக்கத்தில் சத்தமில்லாமல் ஒளிர்ந்த ஃபோனைக் கவனிக்காமல் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் ஒரு சின்னப் பெண் செலோ டேப்பைப் பிய்த்துத் தன் கால் விரல்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அனுப்பிட்டீங்களா?” என்று கத்தினான் வெடி.

“என்னத்தை?”

“படிவத்தை!”

“இதோ, இப்பத்தான் முடிச்சேன். பொத்தானை அமுக்கினா...”

“அமுக்காதீங்க!”

அந்த அம்மாள் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். திரையில் கடைசிக் கட்டத்தில் அந்த வார்த்தை. அதற்கு மேலே இந்த வீட்டு விலாசம், கதவு எண்ணோடு. வெடி நாற்காலியைப் பிடித்து நகர்த்தி உட்கார்ந்து, நேற்று வந்த சுத்தமான பொட்டலத்தைத் திறந்தான். நசுக்கிய வரியில் தேடினான். தேட அதிக நேரம் ஆகவில்லை.

“அதேதான் மேடம்” என்றான். “அழுக்கை எடுத்துட்டோம்னு சொல்லி, அதே அழுக்கை மடிச்சு வேற மூலையில வச்சிருக்கான்.”

நிர்வாகி திரையை எட்டிப் பார்த்தார். “புருஷன்தான் ஜெயில்ல இருக்கானே? இன்னும் யாரு தேடறது?”

கண்ணாடி மேஜைக்கு அடியில் குனிந்து குழந்தையைப் பார்த்தார். குழந்தை ஒரு காலை நீட்டி, “இதுக்கும் வலிக்குது” என்றது. கண்ணாடி அந்த விரலுக்கும் ஒரு துண்டு டேப் ஒட்டினார். எழுந்தபோது முடிவு செய்திருந்தார்.

“அனுப்புங்க.”

“மேடம்!” என்றான் வெடி.

“விலாசத்தை மட்டும் மாத்து. நம்ம ஆபீஸ் விலாசத்தை எழுது. இன்ஸ்பெக்டருக்கு நான் சொல்லிக்கறேன்.”

*

மறுநாள் காலை ஆபீஸ் மணி அடித்தபோது உள்ளறையில் இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூடவே பொட்டலக்காரரும். ‘அவன் முகத்தை நான் பாக்கணும்’ என்று பிடிவாதமாக வந்திருந்தார்.

வெடி கதவைத் திறந்தான். ஒரு முரட்டு ஆளை எதிர்பார்த்துக் கதவுக்குப் பின்னால் கிரிக்கெட் மட்டை ஒன்றைச் சாத்தி வைத்திருந்தான். நின்றது ஒல்லியான ஒருவன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“இங்கே... அக்கா இருக்காங்களா?”

“உக்காருங்க” என்றார் கண்ணாடி. “எந்த அக்கா?”

அவன் உட்காரவில்லை. மேஜை, ஃபைல் அலமாரி, சுவரில் தொங்கிய லைசென்ஸ், எல்லாவற்றையும் பார்த்தான். காப்பகம் இல்லை என்று புரிந்துவிட்டது. ஓடவும் இல்லை.

“உள்ளே போலீஸ் இருக்கா?”

“இருக்கு.”

தலையாட்டினான். பிறகு உட்கார்ந்தான். “அவளைப் பாத்து மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். எந்த ஆஸ்பத்திரின்னு யாரும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. வேற வழி தெரியலை.”

“முதல் தடவை?”

“மாமா அழுதார் மேடம். என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அக்காவுக்கு மனசு சரியில்லாமப் போச்சு, குழந்தையோட எங்கேயாவது விழுந்து செத்துடுவா, கண்டுபிடிச்சுக் குடுன்னு. எல்லாக் காப்பகத்துலயும் ஒரே சேர்க்கை புரோகிராம், அதுக்கு அடியில இந்த லைப்ரரி. இதை விட்டா எனக்கு...”

“அக்கா உங்ககிட்ட முன்னாடி எதுவும் சொன்னதில்லையா?”

அவன் உதட்டைக் கடித்தான்.

“சொன்னா. கை வீங்கியிருந்ததைக் காட்டினா. கதவுல இடிச்சுக்கிட்டான்னு மாமா சொன்னார். ரெண்டு பேர்ல... நான் மாமாவை நம்பினேன்.”

வெடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தன் வீட்டிலும் ஒரு தங்கை உண்டு. போன மாதம் ஃபோனில் ஏதோ சொல்ல வந்து, ‘ஒண்ணுமில்லைண்ணா’ என்று வைத்துவிட்டாள். இவன்தான் நடுவில் ஏதோ ஜோக் அடித்திருந்தான்.

“தம்பி” என்றார் கண்ணாடி. அவர் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “மன்னிப்புக் கேக்கறதுக்காக, அவங்க ஒளிஞ்சிருந்த கதவை மறுபடியும் உடைச்சிருக்கீங்க. அவங்க கதவை மட்டும் இல்லை. ஓடிவந்த அத்தனை பொண்ணுங்களும் நம்பித் தாழ் போட்டுக்கிட்ட கதவை.”

“நான்தான்னு அக்காவுக்குச் சொல்லிட்டீங்களா?”

“சொல்லலை. குழந்தைக்கு யார் பேர் வச்சாங்கன்னு மட்டும் கேட்டேன்.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் பொட்டலக்காரர். ஆறு மாதமாகத் தினமும் பேசிய ஆளை முதல் தடவையாகப் பார்க்கிறார். இவ்வளவு சின்னவனாக இருப்பான் என்று நினைத்திருக்க மாட்டார் போல; திட்டுவதற்கு எடுத்து வந்த வார்த்தைகளை அங்கேயே தொலைத்துவிட்டு நின்றார்.

அவன் தலைநிமிர்ந்து பார்த்தான். யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை.

“அண்ணா?” என்றான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றார் பொட்டலக்காரர். “தூங்குங்கண்ணா, நான் பாத்துக்கறேன்னு சொன்னே. ஆபரேஷன் அன்னிக்கு, முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தே. அதெல்லாம் இந்த முத்திரைக்காகத்தானா?”

அவன் யோசித்தான். பொய் சொல்ல அவகாசம் இருந்தது. வெடி அதைப் பார்த்தான்.

“முதல்ல இதுக்காகத்தான் அண்ணா” என்றான். “அப்புறம் இல்லை.”

கான்ஸ்டபிள் அவன் முழங்கையைப் பிடித்து எழுப்பினான். அவன் மறுக்கவில்லை. போகும்போது பொட்டலக்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனான்.

எல்லாக் காப்பகத்திலிருந்தும் அந்தப் பொட்டலத்தை உடனே பிடுங்கி எறியச் சொல்லிக் கூட்டத்துக்குத் தகவல் போயிற்று. பொட்டலக்காரர் மேல் வழக்கு இல்லை என்று இன்ஸ்பெக்டரே கைகுலுக்கிச் சொன்னார். வேண்டுமானால் முத்திரையைத் திருப்பித் தருவார்கள் என்றும் சொன்னார். அவர் ‘சரி’ என்றாரே தவிர, கேட்ட மாதிரி தெரியவில்லை.

கீழே தெருவில் அவர் மனைவி காத்துக்கொண்டிருந்தாள். வெடி வாசல் வரை கூட வந்தான்.

“என்ன சொன்னான்?” என்று கேட்டாள் அவள்.

பொட்டலக்காரர் போலீஸ் ஜீப் திரும்பிப் போன மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எல்லாம் நடிப்புன்னு சொல்லியிருக்கலாம்” என்றார். “நிம்மதியா வெறுத்திருப்பேன்.”